பதினான்கு அறைகள்

ரியேகாவில் மணிக்கூண்டுக்குப் பின்னாலிருந்த கடையில்
அதற்கென்றே தைத்த பையொன்றை எடுத்துக் காட்டினாள்.
பதினான்கு அறைகள், என்றாள்.
எங்கள் வீட்டுக்கே இரண்டுதான், என்றாள் யாஸென்கா,
சிரிக்காமல்.

ஆகவே பை வாங்கவில்லை.
பைகள் இருந்தன.
கப்பல் பட்டறையில் எனக்குக் கொடுத்த நீலக் கோட்டு,
முழங்கையில் கிரீஸ் கறை, துவைத்துத் துவைத்துப் பழகிப்போனது.
மின்வேலைக்காரன் கோட்டில் எத்தனை பை என்று
தைத்தவனுக்கே தெரியாது.

இடது மார்பில், டெஸ்டர் இருந்த இடத்தில், பால்புட்டி.
என் உடம்புச் சூடே அதற்கு அடுப்பு.
குறடு தொங்கிய வளையத்தில் சூப்பான்,
ஷூ நாடாவில் கட்டியது.
ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறையில் ஈரத்துணி.
மாற்றுச் சட்டை ஒரு காலுறைக்குள் சுருண்டு கிடந்தது.
டயப்பர் இரண்டு, உள்பையில், என் அடையாள அட்டையோடு.
நனைந்தது எங்கே போகும் என்பதைப் பற்றி
எந்தக் கடைக்காரியும் பேசுவதில்லை.
வலது இடுப்பில், இறுக முடிந்து,
அதுவும் என்னோடுதான்.

மார்ச் மாதம், சனிக்கிழமை, ட்ஸ்ரெஸ் தீவுக்குப் போகிறோம்.
இரவுப் பணி முடித்து யாஸென்கா தூங்குகிறாள்.
நானும் மீர்த்தாவும் மட்டும்.
ஐந்து மாதக்காரி, மார்புத் தூளியில்,
கோட்டுப் பொத்தான்களுக்கு நடுவே முகம் நீட்டி.
புரா அடித்தது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று,
கதவைத் தட்டிக் கேட்டு நுழையாது.

முதல் டயப்பர் பேருந்து நிலையத்தில் போயிற்று.
இரண்டாவது, படகுக்குக் காத்திருந்த வரிசையில்.
மூன்றாவதைப் பற்றி யோசிக்காதது என் பிழை.

படகின் மேல்தளத்தில்
'உயிர்காப்பு அங்கிகள்' என்று எழுதிய பெட்டிமேல்
அவளைக் கிடத்தினேன்.
கடற்காகங்களைப் பார்த்துக் காலை உதைத்தாள்.
பை பையாகத் துழாவினேன்.
துழாவத் துழாவ மின்சாரமே வந்தது:
ஃபியூஸ் இரண்டு, கருப்பு டேப் ஒரு சுருள்,
நாலாண்டு பழைய பேருந்துச் சீட்டு, ஒரு சுவிட்சின் மூக்கு.

பக்கத்தில் கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் நின்றார்.
கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
"அடக்கத்துக்குப் போகிறேன்," என்றார்.
"கைக்குட்டை இரண்டு கொண்டுவந்தேன்.
அழ ஒன்று, மார்புப் பையில் செருகிக் காட்ட ஒன்று.
எது வேண்டும்?"

எது பெரியது என்று கேட்டேன்.
இப்போது நினைத்தாலும் கூசுகிறது.
அழ வைத்திருந்ததுதான் பெரியது.

முக்கோணமாக மடித்தேன்.
இஸ்திரி மடிப்பில் சோப்பு மணம்.
கருப்பு டேப் இரண்டு சுற்று, இடுப்பில்.
எத்தனையோ கம்பிக்கு ஒட்டியிருக்கிறேன்,
இப்படி நிதானமாய் எதற்கும் ஒட்டியதில்லை.
அவர் குனிந்து பார்த்து,
"கசியாதா?" என்றார்.
கசியும், என்றேன்.
"என் தம்பியும் இப்படித்தான்," என்றார்.
அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பொரோஸினாவில் சாய்தளம் இறங்கியதும்
முதல் ஆளாய் நடந்துபோனார்.
காற்று அவர் மார்புப் பையிலிருந்து
அந்தச் சின்ன வெள்ளையைப் பிடுங்கியது.
எட்டிப் பிடித்தார்.
திரும்பச் செருகவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

துவைத்தோம். மஞ்சள் போகவில்லை.
ஓரத்தில் நீல நூலில் இரண்டு எழுத்து.
அதை வைத்து ஒரு ஆளைத் தேட முடியுமா?
உள்பையில் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை, என்ஜின் அறையில், ஏணி மேல்.
கை இரண்டும் வயரில் மாட்டுமுன்
வழக்கம்போல் இடது பக்கம் துழாவி
அகப்பட்டதை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டேன்.
கீழே விளக்குப் பிடித்திருந்த ஷிமே
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கேட்டார்:
"வெட்ரான், கரண்ட் இருக்கிறதா?"

வாயிலிருந்ததை எடுக்காமல் தலையாட்டினேன், இல்லை.
ரப்பர் வழியாக எதுவும் பாயாது,
தொழில் பழகிய முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அவர்தான்.
லேசாய்ப் பால் வாடை மட்டும்
பாய்ந்துகொண்டிருந்தது.